குரலா, உயிரா?

மனித உடம்பில் அளவால் சிறியதாயினும் பணியால் பெரியதாய் அமைந்த உறுப்புகளுள் குரல்வளையும் ஒன்று. நாம் விடும் மூச்சுக்கு அதுவே வாயில். உண்ணும் சோறும் பருகும் நீரும் வழி தவறி நுரையீரலுள் புகாமல் காப்பதும் அதுவே. இவ்விரு காவற் பணிகளுக்கும் மேலாக, நெஞ்சில் எழும் எண்ணத்தைப் பிறர் செவிக்கு எட்டச் செய்யும் ஒலியும் அங்கேதான் பிறக்கின்றது. இத்துணைப் பணிகளும் ஓரிடத்தில் கூடியிருப்பதனால், அங்கே புற்றுநோய் முற்றி நிற்குமானால் மருத்துவரும் நோயாளியும் ஒரு கொடிய கேள்வியின் முன் நிறுத்தப்படுகின்றனர். உறுப்பை அகற்றினால் உயிர் தங்கலாம்; குரல் போகும். அகற்றாது விட்டால் குரல் சில காலம் இருக்கும்; உயிர்? ஏறத்தாழ 120 ஆண்டுகள் இக்கேள்விக்குக் கிடைத்த விடைகள் யாவும் அறுவை மருத்துவரின் துணிவையும் நோயாளியின் அச்சத்தையும் பொறுத்தே இருந்தன. எண்ணிக் கணக்கிட்டுச் சொன்ன விடை 1991ஆம் ஆண்டில்தான் வந்தது. அது வந்த வழியையும், வந்தபின் உலகம் அதனைக் கையாண்ட முறையையும் இங்கே கூற முற்படுகின்றோம்.

நோயின் இயல்பை முதலில் அறிதல் நன்று. வாய், தொண்டை, உணவுக்குழல், கருப்பையின் வாய், மேல்தோல் ஆகியவற்றைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலம், மீனின் செதிள்களை அடுக்கினாற் போன்ற தட்டையான உயிரணுக்களால் ஆனது. அவ்வணுக்கள் கட்டுப்பாடு இழந்து பெருகுவதனையே மருத்துவர்கள் ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா’ என்பர். நாம் அதனைச் செதிளணுப் புற்று என வழங்குவோம். குரல்வளையில் தோன்றும் புற்றுகளுள் மிகப் பெரும்பாலானவை இவ்வகையினவே. புகையிலையும் மதுவும் இதன் தலையாய காரணங்கள் என்பது பன்முறை மெய்ப்பிக்கப்பட்டது. குரல் நாண்களில் எழும் புற்று தொடக்கத்திலேயே குரலைக் கம்மச் செய்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று வாரங்களுக்கு மேல் நீங்காத குரல் கம்மலை வெறும் சளியென்று எண்ணி வாளாவிருத்தலாகாது. தொடக்க நிலையில் கண்டுகொண்டால் கதிர்வீச்சாலோ சிறு அறுவையாலோ குணம் காண்பதும் குரலைக் காப்பதும் பெரும்பாலும் இயலும். நாம் பேசப்போவது அந்நிலையைக் கடந்து முற்றிவிட்ட நோயைப் பற்றியது.

தொண்டையில் கத்தி படுவது சாவுக்கு ஒப்பானது என்று பண்டைய மருத்துவர் அஞ்சினர். அவ்வச்சத்தை ஓரளவு தணித்தவர்களுள் ஸ்பெயினில் குர்துபாவை அடுத்த ஸஹ்ரா நகரில் வாழ்ந்து 1013ஆம் ஆண்டளவில் மறைந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி ஒருவர். 30 பகுதிகளைக் கொண்ட ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் தம் பெருநூலின் இறுதிப் பகுதியை அவர் அறுவை மருத்துவத்திற்கென்றே ஒதுக்கினார். தன் கழுத்தைத் தானே கத்தியால் அறுத்துக்கொண்ட ஓர் அடிமைப் பெண்ணிடம் தாம் அழைக்கப்பட்டதையும், காயத்தைத் தைத்ததையும், அவள் பிழைத்து எழுந்ததையும் அதில் அவர் குறிக்கின்றார். அவளுக்கு எஞ்சிய குறை குரல் கரகரத்தது ஒன்றே. அதே மருத்துவர் புற்றுநோயைப் பற்றி எழுதுமிடத்து, நாட்பட்டுப் பெருத்துவிட்ட புற்றைத் தாம் குணப்படுத்தியதும் இல்லை, குணப்படுத்திய பிறரைக் கண்டதும் இல்லை என்று ஒளிவின்றிச் சொல்லிவிடுகின்றார். தம் கைக்கு எட்டாததை எட்டாதது என்று எழுதிவைத்த அப்பெருமகனாரின் நேர்மை நம் கருத்தில் நிற்பதாகுக. பின்னர் வரும் மருத்துவர் பலரிடம் நாம் தேடிக் காணாதது அதுவே.

உயிருள்ள மனிதனின் குரல்வளை இயங்குவதை முதன்முதலில் கண்ணாற் கண்டவர் மருத்துவர் அல்லர், ஒரு பாட்டு ஆசிரியர். மானுவேல் கார்ஸியா என்னும் அவர் 1854ஆம் ஆண்டு, பல் மருத்துவர் கையாளும் சிறு கண்ணாடியைத் தம் தொண்டையில் இட்டு, சூரிய ஒளியை அதன்மேல் விழச் செய்து, தம் குரல் நாண்கள் திறந்து மூடுவதைக் கண்டார். குரல் எங்ஙனம் பிறக்கின்றது என்று அறியும் ஆவலால் அவர் செய்த இம்முயற்சி, சில ஆண்டுகளுள் மருத்துவர் கைக்குச் சென்று, குரல்வளை நோய்களுக்கென்றே ஒரு தனித் துறையைத் தோற்றுவித்தது.

குரல்வளைப் புற்றுக்காக அவ்வுறுப்பு முழுவதையும் முதன்முதலில் அகற்றியவர் வியன்னா நகரின் தியோடோர் பில்ரோத். நாள் 1873 டிசம்பர் 31. நோயாளி நடுவயதை எட்டாத ஓர் ஆசிரியர். முதலில் குரல்வளையைப் பிளந்து கட்டியை மட்டுமே அகற்றினார்கள். சில வாரங்களில் அது மீண்டும் தலைதூக்கவே, முழு உறுப்பையும் எடுக்க நேர்ந்தது. பில்ரோத்தின் துணை மருத்துவராயிருந்த கார்ல் குஸ்ஸன்பௌவர் உலோக நாக்கு வைத்த ஒரு செயற்கைக் குரல்வளையைச் செய்து பொருத்தினார். அதன் துணையால் அவ்வாசிரியர் மீண்டும் பேசினார். குரல் ஒரே சுருதியில் இருந்தாலும் கேட்போர்க்கு விளங்கிற்று. ஆயினும் ஏழு திங்கள் அளவில் புற்று திரும்பியது, அவர் இறந்தார். பின்வந்த ஆண்டுகளில் பிறர் செய்த அறுவைகளிலும் பிழைத்து எழாதவர் பலர். குருதி மூச்சுக்குழலுள் இறங்கி நுரையீரலை அழற்றியதே பலரைக் கொன்றது. பெர்லினில் கிளுக் என்பவரும் அவருடன் உழைத்த ஸொரென்ஸனும் மூச்சுக்குழலைக் கழுத்துத் தோலோடு தைத்துத் தொண்டையினின்று முற்றும் பிரித்துவிடும் முறையைச் செப்பம் செய்த பின்னரே அவ்வறுவை அச்சம் குறைந்ததாயிற்று.

அவ்வறுவைக்குப் பின் வாழ்வு எத்தகையது? மூச்சு மூக்கின் வழியே செல்லாது. கழுத்தின் அடியில் உள்ள துளையே நாசியாகும். மூக்கில் காற்று ஏறாமையால் மணம் மங்கும். சூடான தேநீரை ஊதி ஆற்ற முடியாது. குளத்தில் இறங்கி மூழ்க முடியாது. பேச்சோ, காற்றை உணவுக்குழலுள் விழுங்கி ஏப்பம் போல வெளிவிட்டுப் பழகினால் ஒருவாறு வரும்; பழக இயலாதவர் பலர். கடைத்தெருவில் கூவி விற்பவர், வகுப்பறையில் பாடம் சொல்பவர், பள்ளிவாசலில் பாங்கு சொல்பவர், பேரப் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடும் பாட்டி, இவர்களுள் எவரிடம் சென்று ‘குரலை எடுத்துவிடுகின்றோம், சம்மதமா?’ என்று கேட்பது?

இக்கேள்வி ஓர் அரச மாளிகைக்குள்ளும் புகுந்தது. 1887ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் ஃபிரெடரிக்கின் குரல் கம்மியது. குரல் நாணில் ஒரு சிறு முண்டு. அதனைச் சுட்டுப் பார்த்தனர், மீண்டும் வளர்ந்தது. எர்ன்ஸ்ட் ஃபான் பெர்க்மான் என்னும் அறுவை மருத்துவர் குரல்வளையைத் திறந்து கட்டியை வெட்டியெடுக்க ஆயத்தமானார். அத்தருணத்தில் லண்டனிலிருந்து மோரல் மெக்கன்ஸி வரவழைக்கப்பட்டார். தொண்டைக் கண்ணாடியைக் கையாள்வதில் ஐரோப்பா முழுதும் பெயர் பெற்ற அவர், கட்டியிலிருந்து சிறு துணுக்குகளைக் கிள்ளி எடுத்து, நோய்க்கூற்று அறிஞர் ருடால்ஃப் விர்ஷோவிடம் அனுப்பினார். அத்துணுக்குகளில் புற்று இல்லை என்றார் விர்ஷோ. அறுவை கைவிடப்பட்டது. ஜூன் மாதத்தில் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்கு இளவரசர் லண்டன் சென்று ஊர்வலத்தில் குதிரை மீது வந்தார். நவம்பரில் புற்றுநோய்தான் என்பது ஐயமற விளங்கிவிட்டது. 1888 பிப்ரவரியில் மூச்சு முட்டவே கழுத்தில் துளையிட்டனர். மார்ச் 9ஆம் நாள் தந்தை இறக்க, பேச இயலாத மனிதர் பேரரசரானார். ஆணைகளையும் ஆசைகளையும் தாளில் எழுதிக் காட்டி 99 நாட்கள் ஆண்டு, ஜூன் 15ஆம் நாள் மறைந்தார்.

அதன்பின் ஜெர்மானிய மருத்துவர்களும் மெக்கன்ஸியும் நூல்களும் மறுநூல்களும் எழுதி ஒருவரையொருவர் தூற்றியது மருத்துவ வரலாற்றில் அழகற்ற ஓர் ஏடு. ஃபிரெடரிக் பிழைத்திருந்தால் அவர் மகன் இரண்டாம் வில்ஹெல்ம் அத்துணை விரைவில் அரியணை ஏறியிரார், உலகப் போரும் நேர்ந்திராது என்று வாதிடுவோரும் உளர். அவ்வூகத்துள் நாம் புகவில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. வெட்டியிருந்தால் பிழைத்திருப்பார் என்பதற்குப் பெர்க்மானிடம் சான்று இல்லை. காத்திருந்தது நன்று என்பதற்கு மெக்கன்ஸியிடமும் சான்று இல்லை. இருவரிடமும் இருந்தவை தத்தம் அனுபவமும் புகழுமே. ஒரு பேரரசரின் படுக்கையருகே அறிவிற் சிறந்தோர் அத்தனை பேர் கூடியும், எந்தச் சிகிச்சையில் எத்தனை பேர் பிழைத்தனர் என்ற கணக்கு அங்கே இல்லை.

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களையும், 1898இல் கியூரி தம்பதியர் ரேடியத்தையும் கண்டறிந்தபோது, கத்தியின்றிப் புற்றை அழிக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. நம் ஊர்களில் ‘கரண்டு வைப்பது’ என்று சொல்கிறார்களே, அந்தக் கதிர்வீச்சுச் சிகிச்சையின் தொடக்கம் அது. ஆனால் ஒரே முறையில் பெருமளவு கதிரைச் செலுத்தியதால் புற்றோடு தோலும் தசையும் வெந்தன. பாரிஸ் ரேடியம் நிலையத்தில் கிளோட் ரெகோ என்பவர் ஆட்டுக்கிடாக்களைக் கொண்டு செய்த ஆய்வில், கதிரைச் சிறு சிறு பங்குகளாய்ப் பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், விரைந்து பெருகும் அணுக்கள் மடியும், சுற்றியுள்ள தோல் பிழைக்கும் என்பதைக் கண்டார். அவருடன் பணியாற்றிய ஹென்றி கூத்தார் அம்முறையைத் தொண்டைப் புற்றுக்குப் பயன்படுத்தி, முற்றிய குரல்வளைப் புற்றும் குரல்வளையை எடுக்காமலே குணமாகக்கூடும் என்பதை 1922ஆம் ஆண்டுப் பாரிஸ் மாநாட்டில் நோயாளிகளைக் கொண்டு காட்டினார். இன்றும் கதிர்வீச்சு ஆறேழு வாரங்கள் நாள்தோறும் தரப்படுவது இக்கண்டுபிடிப்பின் வழி வந்த வழக்கமே.

இதன்பின் இரு கட்சிகள் எழுந்தன. அறுவை மருத்துவர் தம் பட்டியலைக் காட்டி இத்தனை பேர் பிழைத்தனர் என்றனர். கதிர் மருத்துவர் தம் பட்டியலைக் காட்டினர். இரண்டு பட்டியல்களும் பொய்யல்ல. ஆனால் இரண்டையும் ஒப்பிட வழியில்லை. உடல் வலுவுள்ளவரை அறுவைக்கும், தளர்ந்தவரைக் கதிருக்கும் அனுப்பிவிட்டுப் பின்பு எண்ணினால், அந்த எண்ணிக்கை சிகிச்சையின் திறத்தைச் சொல்லுமா, நோயாளியின் வலுவைச் சொல்லுமா?

ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளை நடத்திய அபூபக்ர் அர்ராஸி, மூளைக் காய்ச்சலின் முன்குறிகள் தோன்றியவர்களுள் ஒரு சாராருக்குக் குருதி எடுத்ததையும், மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே எடுக்காது விட்டு முடிவை நோக்கியதையும் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குறித்து வைத்துள்ளார். முடிவுக்கு வர ஒரு சார் மட்டும் போதாது, ஒப்பிட மறு சாரும் வேண்டும் என்னும் தெளிவு அதில் உள்ளது. யாரை எந்தச் சாரில் வைப்பது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கலுக்கு விட்டது இருபதாம் நூற்றாண்டு. 1948இல் பிரிட்டனில் வெளியான ஸ்டிரெப்டோமைஸின் சோதனை அதற்குப் புகழ்பெற்ற முன்னோடி. 107 காசநோயாளிகளுள் 55 பேர்க்கு மருந்து, 52 பேர்க்கு அக்கால வழக்கப்படி படுக்கை ஓய்வு. இன்னார்க்கு இன்னது என்பது மூடிய உறைகளுக்குள் இருந்தது. குலுக்கல் கொடுமையன்றோ என்று கேட்பவர் உண்டு. எது நல்லது என்று மருத்துவருக்குத் தெரிந்திருந்தும் குலுக்கினால் அது கொடுமைதான். தெரியாதபோது தெரிந்தவர் போல நடிப்பதே அதனினும் கொடுமை என்பது நம் கருத்து.

ஆனால் குரல்வளை நோயில் எண்ண வேண்டியது உயிர் மட்டுமன்றே! 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் பார்பரா மக்நீல் என்னும் மருத்துவரும் அவர் துணைவரும் 37 பேரை அழைத்து ஒரு விந்தையான விசாரணை நடத்தினர். அவர்களுள் 12 பேர் தீயணைப்பு வீரர். 25 பேர் நிறுவன அலுவலர். எவர்க்கும் நோய் இல்லை. முற்றிய குரல்வளைப் புற்று வந்தால், பிழைக்கும் வாய்ப்பு மிகுதியாயுள்ள அறுவையை ஏற்பீரா, அன்றி வாய்ப்பு குறைந்தாலும் குரலைத் தங்கவைக்கும் கதிரை ஏற்பீரா என்று நுணுகி நுணுகிக் கேட்டனர். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஆயுளில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தேனும் குரலைக் காக்க விரும்பினார். எண்ணிக்கை சிறியது, கேட்டதும் கற்பனை நோய். எனினும் ‘உயிர் பிழைத்தாற் போதாதா?’ என்று மருத்துவர் தாமாகவே முடிவு செய்துவிடுவது எல்லார்க்கும் பொருந்தாது என்பதை அது புலப்படுத்திற்று.

இதற்கிடையே மூன்றாவது ஆயுதம் ஒன்று வேறோர் இடத்தில் உருவாகி வந்தது. 1965ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னட் ரோசன்பெர்க், மின்சாரம் நுண்ணுயிர்களை என்ன செய்யும் என்று பார்க்க, பிளாட்டினத் தகடுகளின் வழியே மின்சாரத்தைச் செலுத்தினார். நுண்ணுயிர்கள் பிளவுபட்டுப் பெருகாமல் நூல் நூலாய் நீண்டன. காரணம் மின்சாரமன்று, தகட்டிலிருந்து கரைந்த பிளாட்டினச் சேர்மம் என்பது பின்னர்த் தெளிந்தது. அதுவே சிஸ்பிளாட்டின். 1978இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. வாந்தி, சிறுநீரகக் கேடு, செவி மந்தம் ஆகிய தீமைகளையும் உடன் கொண்டுவரும் கடுமையான மருந்து. தொண்டையைக் காக்க வந்த மருந்து சிலருக்குச் செவியைக் கெடுப்பதும் உண்டு.

சிஸ்பிளாட்டினையும் ஃபுளோரோயுராஸில் என்னும் பழைய மருந்தையும் சேர்த்து ஏற்றினால் தலை, கழுத்துப் பகுதிச் செதிளணுப் புற்றுகள் வியக்கத்தக்க அளவு சுருங்கக் கண்டனர். அறுவைக்கு முன் மருந்து கொடுத்தால் இனி எல்லாரும் நெடுநாள் வாழ்வர் என்ற நம்பிக்கை பரவிற்று. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஆதரவில் நடந்து 1987இல் வெளியான ஒரு பெருஞ்சோதனை, சிஸ்பிளாட்டினோடு பிளியோமைஸினைச் சேர்த்து அறுவைக்கு முன் கொடுத்துப் பார்த்தது. நோயாளிகள் 462 பேர். மருந்து பெற்றவரும் பெறாதவரும் பிழைத்திருந்த காலத்தில் துணிந்து சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கட்டி சுருங்கியது மெய். ஆயுள் நீளவில்லை என்பதும் மெய்.

பலர் இதனைத் தோல்வி என்று மூடிவைத்தனர். சிலர் அதையே திருப்பிப் படித்தனர். மருந்துக்குச் சுருங்கும் கட்டிகள் கதிருக்கும் பெரும்பாலும் சுருங்குகின்றன, மருந்துக்கு அசையாதவை கதிருக்கும் அசைவதில்லை என்று டெட்ராய்ட் நகரின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழக மருத்துவர்கள் முன்னரே கண்டிருந்தனர். அப்படியாயின் அம்மருந்தை ஆயுள் நீட்டும் மருந்தாகக் கொள்ளாமல், எவருடைய குரல்வளையை எடுக்க வேண்டும், எவருடையதை விட்டுவைக்கலாம் என்று சொல்லும் உரைகல்லாகக் கொண்டால் என்ன? எதிர்பார்த்த வேலைக்கு உதவாத கருவி வேறு வேலைக்கு உதவக்கூடும் என்ற இந்த எண்ணமே நம் வரலாற்றின் திருப்பம்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்க்கென அரசு நடத்தும் மருத்துவமனைகள் பல உள்ளன. அவற்றுள் ஒரு கூட்டம் ஒன்றுசேர்ந்து, மிச்சிகனைச் சேர்ந்த கிரெகரி உல்ஃப் என்னும் அறுவை மருத்துவரின் தலைமையில் இச்சோதனையைத் தொடங்கிற்று. குரல்வளைகளை அகற்றுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், அகற்றாமலிருக்க வழி தேடும் சோதனைக்குத் தலைமை ஏற்றார் என்பதைப் பாராட்டாது கடந்து செல்ல மனம் வரவில்லை. முற்றிய செதிளணுப் புற்றுடைய 332 பேர் சேர்ந்தனர். குலுக்கலில் 166 பேர் பழைய முறைக்குச் சென்றனர்: முழுக் குரல்வளையையும் அகற்றி, பின்பு கதிர். எஞ்சிய 166 பேர்க்கு முதலில் இரண்டு தவணை மருந்து. அதன்பின் தொண்டையை நோக்கி, கட்டி பாதிக்குக் குறையாமல் சுருங்கியிருந்தால் மூன்றாம் தவணை மருந்தும் கதிரும். குரல்வளை அப்படியே இருக்கும். சுருங்காவிட்டால் காலம் தாழ்த்தாது அறுவை. பின்னாளில் புற்று திரும்பினாலும் அறுவை. ஆகவே குரலைக் காக்கும் ஆசையில் உயிரைப் பணயம் வைத்துவிடாதிருக்க, வழியெங்கும் காவல் வைத்திருந்தனர்.

ஒரு படைவீரர் அந்தப் படிவத்தில் கையெழுத்திடும் வேளையை எண்ணிப் பார்ப்போம். நாளை முதல் பேசப்போகிறோமா, இல்லையா என்பதைக் குலுக்கலுக்கு ஒப்புக்கொடுக்கின்றார். பலன் அவருக்கே கிட்டும் என்ற உறுதி எவரும் தரவில்லை. மருத்துவ வரலாறு மருத்துவரின் பெயர்களைப் பொறித்து வைக்கின்றது. அந்த 332 பெயர்களை எந்த நூலிலும் காண முடியாது.

முடிவு 1991 ஜூன் மாதம் வெளிவந்தது. இரண்டாண்டு கழித்துப் பிழைத்திருந்தோர் விகிதம் அறுவைச் சாரில் 68 விழுக்காடு. மருந்துச் சாரிலும் 68 விழுக்காடு. மருந்துச் சாரில் 64 விழுக்காட்டினர்க்குக் குரல்வளை காக்கப்பட்டது. 59 பேர்க்கு அறுவை வேண்டியதாயிற்று. புற்று திரும்பிய விதத்திலும் வேறுபாடு காணப்பட்டது. மருந்துச் சாரில் தொண்டையிலேயே திரும்பியது 12 விழுக்காடு, அறுவைச் சாரில் 2 விழுக்காடு. நுரையீரல் முதலிய தொலை உறுப்புகளுக்குப் பரவியதோ மருந்துச் சாரில் 11, அறுவைச் சாரில் 17. கழுத்தில் துளையின்றி, தம் வாயால் பேசி, அறுவை செய்துகொண்டவர் அளவே பிழைத்திருக்கலாம் என்பதற்கு முதன்முறையாக எண்ணால் சான்று கிடைத்தது. 1888இல் பெர்லின் அரண்மனையில் இல்லாத கணக்கு இது.

ஆனால் அந்த அறிக்கையிலேயே ஓர் எச்சரிக்கையும் இருந்தது. கட்டி மிகப் பெரிதாகி, மருத்துவர் நான்காம் படி என்று குறிக்கும் அளவை எட்டியவர்களுள் 56 விழுக்காட்டினர்க்கு முடிவில் அறுவை தேவைப்பட்டது. அதற்குச் சிறிய கட்டிகளில் அது 29 விழுக்காடே. உரைகல் எல்லாப் பொன்னையும் ஒன்றுபோல் காட்டவில்லை.

அடுத்த பெருஞ்சோதனை 1992இல் தொடங்கி 2003இல் முடிவை வெளியிட்டது. 547 பேர், மூன்று சாரார். மருந்து முன்னும் கதிர் பின்னுமாக ஒரு சார். மருந்தும் கதிரும் ஒருங்கே ஒரு சார். கதிர் மட்டும் ஒரு சார். இரண்டாண்டு கழித்துக் குரல்வளை தங்கியவர் முறையே 75, 88, 70 விழுக்காடு. மருந்தும் கதிரும் ஒருங்கே தருவதே சிறந்தது என்று உலகெங்கும் முடிவு கட்டினர். குரல்வளையின் குருத்தெலும்பைத் துளைத்து வெளியேறிய பெருங்கட்டி உடையோரை அச்சோதனை சேர்த்துக்கொள்ளவே இல்லை என்பதைப் பலர் கருத்தில் வாங்கவில்லை. சோதனை யாரை வைத்து நடந்ததோ அவர்க்கே அதன் தீர்ப்பு உரியது. சேர்க்கப்படாதவர்க்கும் அதையே நீட்டினால், மெக்கன்ஸி காலத்து ஊகத்துக்கே நாம் திரும்புகின்றோம்.

அவ்வாறு நீட்டியதன் விளைவோ என்று ஐயுறத்தக்க செய்தி 2006ஆம் ஆண்டு வந்தது. 1985 முதல் 2001 வரை அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டில் இடம்பெற்ற 1,58,426 குரல்வளை நோயாளிகளின் கணக்கை ஆராய்ந்தவர்கள், எண்பதுகளின் நடுவிலிருந்து தொண்ணூறுகளின் நடுவுக்குள் பிழைத்திருப்போர் விகிதம் குறைந்திருப்பதைக் கண்டனர். பிற புற்றுநோய்கள் பலவற்றில் அது உயர்ந்துவந்த காலம் அது. பதிவேட்டுக் கணக்கு குலுக்கல் சோதனைக்கு ஒப்பாகாது. காரணம் பற்றி இன்றும் வழக்காடுகின்றனர். ஆனால் அறுவை குறைந்து மருந்தும் கதிரும் பெருகிய காலமும் அதுவே என்பதை மறுப்பதற்கில்லை. 2013இல் மேற்சொன்ன 547 பேரின் பத்தாண்டுக் கணக்கு வெளியாயிற்று. ஒருங்கே பெற்ற சாரில் குரல்வளை தங்குவது தொடர்ந்து மிகுதியாகவே இருந்தது. எனினும் குரல்வளைப் புற்றால் அல்லாத இறப்புகள் அச்சாரிலேயே மற்ற இரு சாரினும் மிகுதியாய் இருந்தன. ஏன் என்பதற்குத் தெளிவான விடை இல்லை. விழுங்கும் ஆற்றல் குன்றி, உணவு மெல்ல மெல்ல நுரையீரலுள் இறங்குவதும் காரணமாகலாம் என்பர். குரல்வளை இருக்கின்றது என்பது வேறு, அது தன் மூன்று வேலைகளையும் செய்கின்றது என்பது வேறு.

இப்போது கற்றறிந்த மருத்துவமனைகளில், கட்டி குருத்தெலும்பைக் கடந்துவிட்டதா என்பதைப் படமெடுத்துப் பார்ப்பதும், நோயாளியால் பழுதின்றி விழுங்க முடிகின்றதா என்று சோதிப்பதும் முடிவுக்கு முன் செய்யப்படுகின்றன. கடந்திருந்தால் அறுவையே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகின்றது. குரல்வளையைக் காக்கும் முறையை மேற்கொள்பவர் சிகிச்சைக்குப் பின்னும் பல ஆண்டுகள் தவறாது வந்து தொண்டையைக் காட்ட வேண்டும். புற்று திரும்பினால் உடனே அறுவைக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். ஊர் தொலைவாலும் பணமுடையாலும் இரண்டாம் முறையே வர இயலாத குடும்பங்கள் நம் நாட்டில் எத்தனை! அத்தகையோர் இதனை மருத்துவரிடம் மறையாது சொல்லிவிடுவது நல்லது. படைவீரர் சோதனையில் வழியெங்கும் நின்ற காவல் அவர்களுக்கு இராது.

அறுவையும் பழைய அறுவையன்று. 1980ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் சிங்கர், பிளாம் என்னும் இருவர், மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையே சிறு துளையிட்டு ஒருவழி அடைப்பிதழ் பொருத்தும் முறையைக் கண்டனர். கழுத்துத் துளையை விரலால் மூடிக்கொண்டு மூச்சை வெளிவிட்டால், காற்று அவ்வடைப்பிதழ் வழியே தொண்டைக்கு ஏறிப் பேச்சாகின்றது. குஸ்ஸன்பௌவர் உலோக நாக்கால் முயன்றது நூறாண்டு கழித்து ஒரு சிறு சிலிக்கோன் குழாயால் கைகூடிற்று.

அந்த 332 படைவீரருள் பல்லாண்டு கழித்தும் உயிரோடிருந்தவர்களைத் தேடிச் சென்று, 46 பேரிடம் வாழ்வு எவ்வாறு செல்கின்றது என்று கேட்டு 1998இல் எழுதினர். 21 பேர் குலுக்கலில் அறுவைச் சாரில் விழுந்தவர், 25 பேர் மருந்துச் சாரில் விழுந்தவர். தம் வாழ்வு நன்றாக உள்ளது என்று கூறியோர் மருந்துச் சாரிலேயே மிகுதி. குரல் தங்கியமையால் அன்றோ என்று ஆராய்ந்தவர்கள் எதிர்பார்த்தனர். விடைகளைப் பிரித்துப் பார்த்தபோது பேச்சு அங்கே பெரிய காரணமாய் நிற்கவில்லை. மருந்துச் சாரினர்க்கு வலி குறைவு, மனச்சோர்வு குறைவு, உள்ளம் தெளிவு. அறுவைச் சாரில் பலர்க்குத் தோளும் கழுத்தும் உள்ளமும் நொந்திருந்தன.